ஞாயிறு கேம் நிரல் போட்டி: பெற்றோர் கவனத்துக்கு

எல்லோருக்கும் வணக்கமுங்க. இயற்பியலை வைத்து வீடியோ கேம் உருவாக்கும் போட்டி வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு நம் பள்ளிக் கணினி அறையில் நடக்கிறது. 8 முதல் 12ஆம் வகுப்பு வரை சேரலாம்.

1. கேம் உருவாக்க உதவும் ஸ்கிராட்ச் (Scratch), கோடோ (Godot) மென்பொருள்கள் இரண்டுமே இலவசம். ஏதாவது ஒன்றை மடிக்கணினியில் முன்பே ஏற்றி வாருங்கள்.

2. கேமில் ஈர்ப்பு, மோதல், உராய்வு ஆகியவற்றில் ஒன்றாவது வேலை செய்ய வேண்டும். நம் ஊர் விளையாட்டாக இருந்தால் ரொம்ப சந்தோஷம். ஆடி மாதம் கட்டும் தூரியையே (ஊஞ்சல்) எடுத்துக்கொள்ளலாம்: கயிறு நீளமானால் ஒருமுறை போய் வரும் நேரமும் கூடும். உண்டிவில், பம்பரமும் நல்ல யோசனைகள்தான்.

3. திரையில் மேல்-கீழ் இடத்தைக் குறிக்கும் எண் (y) பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் கூடும், ஸ்கிராட்சில் மேல்நோக்கி. ஈர்ப்புக்குப் போடும் கூட்டல், கழித்தல் குறி மாறினால் பந்து வானத்துக்குப் போய்விடும். பயிற்சி வகுப்பில் பாதிப் பேர் தடுமாறியது இங்கேதான், வீட்டில் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

4. நிரலைப் பிள்ளைகளே எழுதட்டும். அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, எப்படி இயங்குகிறது என்று விளக்கினால் அதற்கும் மதிப்பெண் உண்டு.

5. மதியச் சாப்பாடு பள்ளியிலேயே. சார்ஜரை மறக்க வேண்டாம்.

பெயர், வகுப்பு, மடிக்கணினி உண்டா இல்லையா என்பதை வியாழன் இரவு 8 மணிக்குள் இங்கேயே பதிவிடுங்கள். இல்லாதவர்கள் தயங்காமல் சொல்லுங்கள், ஏற்பாடு செய்துவிடலாம்.