மத்தீஸ் சனத்துக்கு ஒரு நன்றி மடல்

மத்தீஸில இருக்கிற எல்லாருக்கும் வணக்கம், போன்ஷூர்.

இதைத் தமிழிலதான் எழுதுறன், அப்பதான் மனசில இருக்கிறது முழுசா வரும். மகள் பள்ளிக்கூடத்தில பிரெஞ்சு படிக்கிறாள், அவள் மொழிபெயர்த்து உங்கட டவுன்ஷிப் ஒபிசுக்கு அனுப்பிவிடுவாள். எங்கட ஆக்களும் எத்தனையோ பேர் ஹைவே 11ல ரக் ஓடுறாங்கள், அவங்களும் வாசிக்கோணும் எண்டுதான் எல்லாருக்கும் பொதுவா எழுதுறன்.

இடம் தெரியாத ஆக்களுக்கு, மத்தீஸ் எண்டது கனடாவில ரொறன்ரோவில இருந்து வடக்கால கிட்டத்தட்ட 900 கிலோமீற்றர், கப்பஸ்கேசிங் தாண்டி ஹேர்ஸ்டுக்கு 35 கிலோமீற்றர் இருக்கேக்க மிசினாய்பி ஆத்தங்கரையில வாற சின்ன ஊர். ஆயிரம் பேர் கூட இல்லை. வீட்டில, கடையில, எல்லா இடமும் பிரெஞ்சுதான். சுத்திவர ஸ்புரூஸ் காடு.

ஜனவரியில வினிப்பெக்குக்கு லோட் ஏத்திக்கொண்டு போனனான், மைனஸ் 38. நான் தெற்கில அடிச்ச டீசல் அந்தக் குளிருக்குத் தாங்கேல்ல, மெழுகு மாதிரி உறைஞ்சு பில்டர் அடைச்சு, உங்கட ஊருக்குக் கொஞ்சம் முன்னால ரக் அப்பிடியே நிண்டிட்டுது. என்ஜின் இல்லையெண்டா ஹீற்றரும் இல்லை, போனுக்கு சிக்னலும் இல்லை, இருட்டிப் போச்சு. ஒரு மணித்தியாலம் இருந்திருப்பன், கால் விரல் மரத்துப்போய் பிள்ளையளை நினைச்சுக்கொண்டு இருந்தனான்.

அப்ப பிக்கப்பில வந்து நிண்ட ஐயா, உங்களுக்குத்தான் முதல் நன்றி. உங்களுக்கு இங்கிலிஷ் பெரிசா வராது, எனக்கு பிரெஞ்சு ஒரு சொல்லும் வராது. நீங்கள் ஒண்டும் கேக்கேல்ல, உங்கட தலையில இருந்த தூக்கை, அதான் அந்தக் கம்பளித் தொப்பியை, கழட்டி என்ர தலையில போட்டுட்டு கையைப் பிடிச்சு இறக்கினீங்கள். உங்கட வீட்டுக்குள்ள போன உடன வீட்டுக்கார அம்மா பட்டாணி சூப் கோப்பையை என்ர கையில வச்சவ. அந்தச் சூட்டை எழுதிக் காட்ட எனக்குத் தெரியாது.

பிறகுதான் பாத்தன், பையுக்குள்ள இருந்த இன்சுலின் உறைஞ்சு போச்சு. உறைஞ்ச இன்சுலினைப் பாவிக்கேலாது. எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. அவையின்ர மருமகள் வேலையால வந்து சப்பாத்துக் கூடக் கழட்டேல்ல, ஹேர்ஸ்ட் பார்மசிக்குப் போன் அடிச்சுக் கேட்டுட்டு அந்தப் பனிக்குள்ள போய் வாங்கிக்கொண்டு வந்தவ. போக 35, வர 35. காசு நீட்டினா வாங்கேல்ல. தங்கச்சி, நீங்கள் செய்தது என்னெண்டு என்ர மனுசிக்கும் பிள்ளையளுக்கும் தெரியும்.

அடுத்த நாள் ஹேர்ஸ்டுக்கு அங்கால லாங்லாக் வரைக்கும் ரோட்டை மூடிப்போட்டாங்கள், அந்த 200 கிலோமீற்றருக்கும் மேல ஒண்டும் இல்லாத காடு. அதால ரெண்டு இரவு உங்களோட. கராஜ்காரத் தம்பி ரோட்டுக்கரையில படுத்துக் கிடந்து பில்டர் மாத்தினவர், கையுறை போட்டா நட் பிடிபடாது எண்டு வெறுங்கையால.

குசினிச் சுவரில பச்சையும் வெள்ளையுமா ஒரு கொடி இருந்தது. கேட்டனான். ஒன்ராறியோ பிரெஞ்சுக்காரற்ற கொடி, 1975ல சட்பரியில முதல் ஏத்தினது எண்டு மருமகள் சொன்னவ. அதுக்குப் பிறகு அம்மா சொல்லச் சொல்ல மருமகள் எனக்கு இங்கிலிஷில சொன்னவ, 1912ல ஒன்ராறியோ அரசு முதல் ரெண்டு வருசத்துக்கு மேல பள்ளிக்கூடத்தில பிரெஞ்சில படிப்பிக்கக் கூடாதெண்டு விதி போட்டது, 1927 வரைக்கும் அது இருந்தது, தன்ர அம்மம்மா வீட்டில இந்த மாதிரி ஒரு குசினி மேசையில வச்சுத்தான் பிள்ளையளுக்கு எழுத்துப் பழக்கினவ எண்டு. நான் 1956ல இலங்கையில வந்த சிங்களம் மட்டும் சட்டத்தைச் சொன்னன். அம்மா கொஞ்ச நேரம் பேசாம இருந்திட்டு, என்ர பேரைத் தமிழில எழுதிக் காட்டச் சொன்னவ. அந்தத் துண்டை பிரிஜ்ஜில ஒட்டினவ. அம்மா, அதை மட்டும் நான் மறக்க மாட்டன்.

வெளிக்கிடேக்க நான் 'மெர்சி' எண்டு சொல்ல நீங்கள் எல்லாரும் 'பியாங்வெனூ' எண்டீங்கள். வா எண்டு கூப்பிடுறீங்களாக்கும் எண்டு நினைச்சன். உங்கட பக்கம் நன்றிக்கு மறுமொழியே அதுதான் எண்டு மகள் பிறகுதான் சொன்னவள்.

ஐயா, தூக் என்னட்டத்தான் இருக்கு, தோய்ச்சு வச்சிருக்கிறன். மார்ச்சில திரும்ப அந்த ரோட்டால வாறன். மனுசி இடியப்பமும் சொதியும் கட்டித் தருவா, மேசையில எனக்கும் ஒரு இடம் வையுங்கோ.