உண்ணத்தக்க காட்டுக் காளான் படத்தொகுப்பு: பிழைகள் குறித்துப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

பொருள்: தவறான படங்களைத் திரும்பப் பெறுதல், பணத்தைத் திருப்பித் தருதல்

ஐயா / அம்மையீர்,

'உண்ணத்தக்க காட்டுக் காளான்கள் – பழங்காலத் தாவரவியல் பாணி' என்று நீங்கள் விற்கும் 12 ஏ3 அச்சுப்படங்கள் வந்து சேர்ந்தன. அவற்றில் இரண்டு தாள்கள் ஆபத்தானவை. அவற்றின் விற்பனையை இன்றே நிறுத்துங்கள்.

4ஆம் தாளில் 'வைக்கோல் காளான்' என்று அச்சிட்டிருக்கிறது. படத்திலோ ஆலிவ் பச்சைக் குடை, வெள்ளைச் செவுள்கள் (குடைக்கடியில் இருக்கும் மெல்லிய தகடுகள்), காம்பின் மேற்பகுதியில் பாவாடை போலத் தொங்கும் வளையம். வைக்கோல் காளானுக்கு வளையமே கிடையாது. முதிர்ந்தால் செவுள் இளஞ்சிவப்பாகிவிடும். நீங்கள் வரைந்திருப்பது அமானிட்டா ஃபல்லாய்ட்ஸ், உயிரைக் குடிக்கும் நச்சுக்காளான். அதன் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. வாந்தியும் பேதியும் பொதுவாக 6 மணி நேரம் கழித்தே தொடங்கும் என்பதால், காளான்தான் காரணம் என்று பலருக்குத் தோன்றுவதும் இல்லை.

7ஆம் தாளில் உள்ள சாண்டரெல் என்ற உண்ணத்தக்க காளானும் தவறு. அதன் குடைக்கடியில் தனித்தனிச் செவுள் இருக்காது. கிளைத்துக் கிளைத்துக் காம்பில் இறங்கும் மழுங்கிய மடிப்புகள்தான் இருக்கும். உங்கள் ஓவியத்தில் கத்தி விளிம்பு போன்ற மெல்லிய செவுள்கள், அதுவும் மரக்கட்டையில் கொத்தாக முளைத்தவை. அவை ஆம்ஃபலோட்டஸ் என்ற நச்சுக்காளானின் அடையாளங்கள்.

பெரும்பாலான தாள்களில் காம்பின் அடிப்பகுதியை ஓரத்தோடு வெட்டியிருக்கிறீர்கள். அமானிட்டாவைக் காட்டிக்கொடுக்கும் பை போன்ற உறை அங்கேதான் இருக்கும். பழைய ஓவியர்கள் காளானை அடியோடு, பக்கத்தில் நெடுக்குவெட்டுடன் வரைந்தது அழகுக்காக மட்டும் அல்ல. மோரல் என்ற உண்ணத்தக்க காளானை நெடுக்காகப் பிளந்தால் குடை முதல் காம்பு வரை ஒரே வெற்றிடம். அதைப் போலத் தோன்றும் கைரோமிட்ரா என்ற நச்சுக்காளானில் உள்ளே அறை அறையாக இருக்கும். மோரலைக் காட்டும் 9ஆம் தாளில் வெட்டுப்படம் இல்லாததால் இதைப் பார்க்க வழியில்லை.

பழமை தெரிய மொத்தப் படத்தின் மேலும் மஞ்சள் பூசியது பெரிய கேடு. ஏறத்தாழ எல்லாச் செவுள்களும் ஒரே வெளிர்பழுப்பாகிவிட்டன; வெள்ளையா இளஞ்சிவப்பா என்ற வேறுபாடே போய்விட்டது. மஞ்சள் வேண்டுமானால் காளானை விட்டுவிட்டுப் பின்னணித் தாளுக்கு மட்டும் கொடுங்கள்.

அச்சுத்தரமும் போதாது. உடன் வந்த கோப்பு 1240 × 1754 பிக்சல். ஏ3 அளவில் அங்குலத்துக்குச் சுமார் 106 பிக்சல்தான் வரும். 300 வேண்டுமானால் 3508 × 4961 இருக்க வேண்டும். 4ஆம் தாளில் உள்ள குடையின் மெல்லிய நார்க்கோடுகள் உங்கள் அச்சில் சாம்பல் கறையாகத் தெரிகின்றன.

4, 7 தாள்களை வாங்கிய அனைவருக்கும் எச்சரிக்கை அனுப்புங்கள். காளான்களை அறிந்த ஒருவரிடம் சரிபார்த்து, அடிப்பகுதியும் வெட்டுப்படமும் சேர்த்து மறுபடி வரைந்து அனுப்புங்கள். முடியாவிட்டால் 15 நாட்களுக்குள் முழுத்தொகையையும் திருப்பித் தாருங்கள். பில்லும் ஒவ்வொரு தாளின் புகைப்படமும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்