சனிக்கு அப்பாலும் வால் முளைக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வால்விண்மீன்கள் சூரியனை நெருங்கினால் மட்டுமே புகையும், அதாவது வாயுவும் தூசும் கக்கும் என்று ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். வகுப்பில் நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆகவே என்னையும் சேர்த்தே திருத்துகிறேன்.

1977-இல் கண்டறியப்பட்ட கைரான் என்ற சிறு விண்பொருள், பெரும்பாலும் சனிக்கும் யுரேனஸுக்கும் இடையே உலவுகிறது. சிறுகோள் என்றே பதிவானது. 1988-இல் திடீரென ஒளி கூடியது. மறு ஆண்டு அதைச் சுற்றித் தூசுப்படலம் தென்பட்டது. இன்று சிறுகோள் பட்டியலில் அதன் எண் 2060, வால்விண்மீன் பட்டியலில் 95பி. இரண்டு ரேஷன் கார்டு வைத்திருப்பவரைப் போல! அதே வகையைச் சேர்ந்த எக்கெக்லஸ் என்ற விண்பொருள் இன்னும் விந்தை: 2005 டிசம்பரில், சூரியனிலிருந்து பூமி இருப்பதைப்போல் சுமார் 13 மடங்கு தொலைவில் இருந்தபோதே தூசைக் கக்கிச் சீறியது.

அந்தக் குளிரில் தண்ணீர்ப் பனி ஆவியாகாது. கார்பன் மோனாக்சைடு போன்றவை எளிதில் ஆவியாகும். மூலக்கூறுகள் ஒழுங்கின்றி உறைந்த பனி படிகமாகும்போது உள்ளே சிக்கிய வாயு வெளியேறுவதாகவும் கருதுகிறார்கள்.

இந்திய வான் இயற்பியல் நிறுவனம் கோரமங்களாவில்தான் இருக்கிறது. பெங்களூருப் பதிப்பில் அச்சேற்றும் முன் அங்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
அல்சூர், பெங்களூரு