சுயம்புவுக்கு, தண்ணீர் விஷயமாக

தக்கலை
9.11.2025

அன்புள்ள சுயம்பு,

நலம். நீயும் மைனியும் நலம் என்பதை ஷைனி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என்னிடம் இரண்டு நிமிடம் பேச நேரமில்லாதவன், கனடாவின் கால்கரியில் இருக்கும் என் மகளிடம் மணிக்கணக்கில் பேசுகிறாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் கேட்டால் நீ கத்துவாய், நானும் கத்துவேன், ரெஜினா வந்து பிடுங்கி வைத்துவிடுவாள்.

ஊர்ச் செய்தி அதிகமில்லை. மழையால் ரப்பர் வெட்டு நின்று கிடக்கிறது. செல்லத்துரைக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்தது. நடக்கத்தான் முடியவில்லை, வாய் பழையபடி. குலசேகரத்து நிலத்தைப் பற்றிக் கேட்காதே.

இனி வழக்கு. பல் சொத்தையைத் தடுக்கக் கால்கரியில் குடிநீரில் ஃபுளோரைடு சேர்ப்பது விஷம் கலப்பதற்குச் சமம், பென்னாகரத்தில் அதன் கதியைக் கண்ணால் பார்த்தவன் நான் என்று அவளிடம் சொன்னாயாமே? அவள் மறுநாளே ஆர்.ஓ. சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கி அடுக்களையில் மாட்டிவிட்டாள். மருமகன் என்னைக் கூப்பிட்டு, "உங்கள் நண்பர் டாக்டரா மாமா?" என்று கேட்டார். பர்மாங்கனேட் சுயம்பு என்ற உன் பட்டப்பெயரைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. உன் மானத்தைக் காப்பாற்றினேன்.

நீ பார்த்தது பொய்யில்லை. உன் வீட்டுக்கு வந்திருந்தபோது நானும் பார்த்தேன். அந்த டீக்கடைக்காரர் நம்மைத் திரும்பிப் பார்க்க உடம்பையே திருப்பினார்; கழுத்து வளையவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கறைப் பற்கள் தெரியாதபடி கையால் வாயை மறைத்துச் சிரித்தார்கள். பாறையைத் துளைத்து ஆழத்துக்குப் போகப்போக ஆழ்துளைக் கிணறு தண்ணீரோடு ஃபுளோரைடையும் கொண்டுவந்த கதை அது. ஒகேனக்கல் திட்டத்துக்காக ஜப்பானிடம் கடன் வாங்கி, 2013இல் காவிரித் தண்ணீரை உங்கள் தர்மபுரி மாவட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்றால், அது யாருடைய கற்பனையும் அல்ல. உன் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அளவைச் சொல்லாமல் கோபப்படுவது வேதியியல் படித்தவனுக்கு அழகா? நம் நாட்டுத் தரப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு வழியில்லாத இடத்தில் 1.5. கால்கரியில் வைத்திருக்கும் இலக்கு 0.7. அதிலும் ஒரு பங்கு ஆற்றிலேயே இயற்கையாக இருக்கிறது.

வேடிக்கை என்ன தெரியுமா? இந்தக் கூத்து முழுவதும் உங்கள் ஊர்ப் பற்களைப் போன்ற பற்களிலிருந்துதான் தொடங்கியது. 1901இல் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்குப் போனார். அங்கே வளர்ந்தவர்களின் பற்களெல்லாம் பழுப்பேறிக் கிடந்தன. ஆனால் அந்தக் கறைப் பற்கள் எளிதில் சொத்தையாகவில்லை. காரணம் ஃபுளோரைடு என்று தெரிய 1931 வரை ஆயிற்று. கறை விழாமல் சொத்தையை மட்டும் தடுக்கும் அளவு எது என்று தேடி, ஒரு மில்லிகிராம் பக்கத்தில் வந்து நின்றார்கள். 1945 ஜனவரியில் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் முதன்முதலாகக் குடிநீரில் கலந்தது. அன்றிலிருந்து சண்டைதான். கம்யூனிஸ்டுகளின் சதி என்றுகூடச் சொன்னார்கள். செல்லத்துரையிடம் இதைச் சொன்னேன்; கட்சிக்காரன் அல்லவா, பெருமைப்பட்டான்.

கால்கரிக்காரர்கள் உன்னைவிடக் குழம்பியவர்கள். பலமுறை வாக்கெடுப்பு நடத்தி மறுத்து, 1989இல் ஒப்புக்கொண்டு, 1991இல் சேர்க்கத் தொடங்கி, 2011இல் நகரமன்றமே நிறுத்திவிட்டது. பிறகு, சேர்ப்பதை நிறுத்தாத எட்மண்டனோடு ஒப்பிட்டார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் சொத்தைப் பல் உள்ளவர்கள் கால்கரியில் 64.8 விழுக்காடு, எட்மண்டனில் 55.1. 2021இல் மறுபடி வாக்கெடுப்பு. 62 விழுக்காட்டினர் வேண்டும் என்றார்கள். 2025 ஜூன் கடைசியில் மீண்டும் தொடங்கினார்கள். அதே ஆண்டில் அமெரிக்காவில் யூட்டாவும் ஃபுளோரிடாவும் சட்டம் போட்டுத் தடுத்தன. என் மகள் இரண்டு செய்தியையும் ஒரே வாரத்தில் படித்தால் என்ன செய்வாள்? உன்னைக் கூப்பிட்டாள்.

அவள் உன்னிடம் ஒன்றைச் சொல்லவில்லை. நானும் சொல்லக்கூடாது என்று உத்தரவு. ஆனாலும் சொல்கிறேன், மைனியிடம் மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள். அவளுக்கு மூன்றாம் மாதம். இப்போது புரிகிறதா, "விஷம்" என்ற உன் ஒரு சொல் எங்கே போய்த் தைத்தது என்று? அவள் இரவெல்லாம் தூங்கவில்லை. அதுவரை குடித்த தண்ணீரை எண்ணி எண்ணி அழுதிருக்கிறாள்.

அதனால்தான் நானும் உட்கார்ந்து படித்தேன். அவளுடைய பயத்துக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல முடியவில்லை. 2019இல் கனடாவிலேயே வந்த ஆய்வு ஒன்று, கர்ப்பிணிகளின் சிறுநீரில் ஃபுளோரைடு கூடக்கூட, அவர்களுக்குப் பிறந்த ஆண் குழந்தைகளின் ஐ.க்யூ. மதிப்பெண் குறைந்ததாகச் சொன்னது. பெண் குழந்தைகளிடம் அப்படி இல்லை. நியூசிலாந்தில் பிள்ளைகளைப் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து பார்த்தார்கள், அங்கே ஐ.க்யூ. பாதிப்பு எதுவும் தென்படவில்லை. அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2024இல் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஐ.க்யூ. குறைவதோடு தொடர்பு இருக்கிறது, 0.7 பற்றிச் சொல்லத் தரவு போதவில்லை என்றது. ஆகவே அவள் ஆர்.ஓ. தண்ணீரையே குடிக்கட்டும். ஃபுளோரைடின் பெரும்பகுதியை அது எடுத்துவிடும், அவர்களுக்குச் செலவும் பெரிதில்லை. இயந்திரத்தின் மேல் எனக்கு வழக்கில்லை, சுயம்பு. நீ ஊட்டிய பயத்தின் மேல்தான்.

ஒருவர் சம்மதம் கேட்காமல் அவர் குடிக்கும் தண்ணீரில் மருந்து கலக்கலாமா என்று நீ கேட்டதையும் ஷைனி சொன்னாள். நல்ல கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். புத்தளம் உப்பளத்து உப்பை அப்படியே அள்ளிக் குழம்பில் போட்ட நமக்கு, அயோடின் கலந்த உப்புதான் விற்கவேண்டும் என்று சட்டம் வந்தபோது நீ எழுதிய மூன்று பக்கக் கண்டனம் இன்னும் என்னிடம் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஃபுளோரைடை உப்பில் கலந்தார்கள். வேண்டாதவர் வேறு பொட்டலம் எடுக்கலாம். 1962 முதல் தண்ணீரில் சேர்த்துவந்த பாசல் நகரம்கூட 2003இல் நிறுத்திக்கொண்டது. பற்பசை வந்தபிறகு தண்ணீரில் கலப்பதன் பயன் சுருங்கிவிட்டது என்பதும் உண்மை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பினர் 2024இல் எடைபோட்டுப் பார்த்ததில், 1975க்குப் பிந்தைய ஆய்வுகளின்படி, பால்பற்களில் ஒரு பிள்ளைக்குச் சராசரியாகக் கால் பல்லளவு சொத்தைதான் குறைகிறது. ஆனால் பற்பசை வாங்காத வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கால் பல்லும் குழாயிலிருந்துதான் வரவேண்டும். அதனால் கால்கரியில் எனக்கு ஓட்டு இருந்தால் சேர்க்கச் சொல்லித்தான் போடுவேன். நம் ஊரில் யாராவது இந்த யோசனையோடு வந்தால் உன்னோடு சேர்ந்து கொடி பிடிப்பேன். இந்த வெயிலில் நாம் குடிக்கும் தண்ணீரின் அளவே வேறு.

உரத் தொழிற்சாலைக் கழிவைக் கலக்கிறார்கள் என்றாயாம். பாஸ்பேட் உரத் தொழிலின் துணைப்பொருள்தான், சரி. நீரில் கரைந்தபின் ஃபுளோரைடு அயனிக்குச் சொந்த ஊர் உண்டா? நீயே சொல்.

இதற்கிடையில் அமெரிக்கச் செய்தி இங்கேயும் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. ஹிட்லர் முகாம்களில் ஃபுளோரைடு கொடுத்து மந்தமாக்கினாராம். துளி ஆதாரம் கிடையாது. எதிர்வீட்டுக்காரர் பற்பசையை வீசிவிட்டு உமிக்கரிக்குத் திரும்பிவிட்டார். அதுகூடப் பரவாயில்லை, ஃபுளோரைடு போகட்டும் என்று தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க வற்றவைக்கிறார்! தண்ணீர் ஆவியாகும், உப்பு எங்கே போகும், மிச்சத்தில் அடர்த்திதானே கூடும் என்று விளக்கினேன். "நீங்கள் அந்தக் காலத்துப் படிப்பு" என்றார்.

நீ செய்யவேண்டியது இதுதான். ஞாயிற்றுக்கிழமை ஷைனியைக் கூப்பிடு. பென்னாகரத்தில் நீ பார்த்தது என்ன அளவு, அவள் குழாயில் வருவது என்ன அளவு, இரண்டையும் எண்ணாகவே சொல். இதுவரை குடித்ததை நினைத்து அழவேண்டாம் என்று சொல். நான் சொன்னால் "அப்பா சமாதானத்துக்குச் சொல்கிறார்" என்பாள். நீ சொன்னால் நம்புவாள், அந்த அநியாயத்தை நான் சகித்துக்கொள்கிறேன். அவளுடைய மூத்தவனுக்குப் பற்பசை பட்டாணி அளவு போதும், துப்பப் பழக்கவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்.

இன்னொன்று. ஒகேனக்கல் தண்ணீர் வராத நாட்களில் புது வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம் என்று மைனி ஒருமுறை ரெஜினாவிடம் சொன்னாளே, அதைச் சோதித்தாயா? ஊருக்கெல்லாம் விஷம் விஷம் என்று சொல்பவன் சொந்தக் கிணற்றைச் சோதிக்கவில்லை என்றால் உன்னைச் சும்மா விடமாட்டேன். ஒரு லிட்டர் எடுத்துப் பரிசோதனைக் கூடத்தில் கொடு. கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், பிளாஸ்டிக்கில் எடு. முடிவு வந்ததும் அந்தத் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
ஞானதாஸ்