செயலாளரின் ஆண்டறிக்கை: 2024–25

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், இன்று வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை தபாலில் போய்ச் சேரும். பிரிப்பார்களா என்பது வேறு விஷயம்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டியில் பாட்டுக் கேட்பதற்கென்றே நாம் தொடங்கிய இந்தச் சிறு சங்கத்துக்கு இது 6ஆம் ஆண்டு. செயற்குழு 4 முறை கூடியது. பொங்கலும் சித்திரை விழாவும் வழக்கம்போல நடந்தன. மார்கழிக் கச்சேரிக்கு வந்த பாடகருக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஆனாலும் குறை வைக்கவில்லை. கோடைச் சுற்றுலா மழையால் பாதியில் முடிந்தது.

இனி ஆகஸ்ட் 31 நிகழ்ச்சி. இதைப் பற்றி வெளியில் பலவிதமாகப் பேசப்படுவதால், நடந்ததை விரிவாகப் பதிவு செய்வது என் கடமையாகிறது.

1949 ஆகஸ்ட் 30 அன்று, இதே ஊரில், ரேஸ் தெரு 811ஆம் எண் கட்டடத்தில் இருந்த ஹெர்சாக் ஒலிப்பதிவுக் கூடத்தில் கன்ட்ரி இசைப் பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் ‘ஐயாம் சோ லோன்சம் ஐ குட் க்ரை’ (அழுதுவிடலாம் போல அவ்வளவு தனிமை) என்ற பாட்டைப் பதிவு செய்தார். அன்று ஒரே நாளில் பதிவான 4 பாட்டுகளில் அது ஒன்று. அவருக்கு அப்போது வயது 25. அலபாமாக்காரர், ரூஃபஸ் பெயின் என்ற கறுப்பினத் தெருப்பாடகரிடம் பாட்டுப் பழகியவர், பிறவியிலேயே முதுகெலும்பில் கோளாறு. அந்தப் பதிவுக்கு 75 ஆண்டு நிறைகிறது, அது நடந்த ஊரில் இருந்துகொண்டு நாம் கண்டுகொள்ளாமல் இருக்கலாமா என்று செயற்குழுவில் கேட்டேன். “அந்தப் பாட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?” என்றார் ஒரு மூத்த உறுப்பினர். நீங்கள் தினமும் கார் நிறுத்துவது அதற்கு அடுத்த தெருவில்தானே ஐயா என்றேன். தீர்மானம் ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது.

30ஆம் தேதி வெள்ளிக்கிழமை என்பதால் மறுநாள் வைத்தோம். அது லேபர் டே எனப்படும் தொழிலாளர் தினத்தை ஒட்டிய நீண்ட விடுமுறை என்பதை நான் கவனிக்கவில்லை என்கிறார்கள். கவனித்தேன். விடுமுறை என்றால் வருவார்கள் என்று நினைத்தேன், அதுதான் என் தவறு. வருகிறோம் என்று பெயர் கொடுத்தவர்கள் 46 பேர். அந்தக் கணக்குக்குப் புளியோதரை கிளறப்பட்டது. வந்தவர்கள் 11 பேர். அதில் என் வீட்டார் மூவர்.

ஒலிபெருக்கிக்கு முன்பணம் வாங்கியவர்களும் வரவில்லை, தொலைபேசியையும் எடுக்கவில்லை. கைப்பேசியைப் பாத்திரத்துக்குள் வைத்தால் சத்தம் கூடும் என்று யோசனை சொன்னவர், மகன் வீட்டில் ஆறு மாதம் தங்க ஊரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா. ஆங்கிலம் தெரியாதவர். புளியோதரையை இலையில் கொட்டிக் கவிழ்த்து, எவர்சில்வர் அடுக்கைத் துடைத்து அவரே நடுவில் வைத்தார். 11 பேரும் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு அதன்மேல் குனிந்து உட்கார்ந்தோம். பெருங்காய வாசனைக்கு நடுவிலிருந்துதான் அந்தப் பதிவில் வாசித்த ஜெர்ரி பைர்டின் ஸ்டீல் கிதார் எங்களுக்குக் கேட்டது.

மூன்று நிமிடத்துக்கும் குறைவான பாட்டு. திச்ர நடைபோல மூன்று மூன்றாக அசைந்து, அவசரமில்லாமல் போகிறது. யாரைப் பிரிந்தார், ஏன் பிரிந்தார் என்று ஒரு வார்த்தை இல்லை. இரவில் ஒரு பறவை, தூரத்தில் ஒரு ரயில், மேகத்துக்குப் பின்னால் போகும் நிலா, விழுகிற நட்சத்திரம், அவ்வளவுதான். தன் துக்கத்தை அவற்றிடம் இறக்கிவைத்துவிட்டு அவர் சும்மா நிற்கிறார். அழவில்லை, அழுதுவிடலாம் போல இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அழுதிருந்தால் 1949லேயே அந்தப் பாட்டு முடிந்துபோயிருக்கும் என்பது என் கருத்து.

“அது என்ன பறவை தம்பி?” என்று அந்த அம்மா கேட்டார். விப்பூர்வில் என்று பெயர், நம் ஊர்ப் பக்கியின் இனம், பொழுது சாய்ந்தால் தன் பெயரையே சொல்லிச் சொல்லிக் கத்தும் என்றேன். “பக்கி கத்தினால் எங்கே தூக்கம் வரும்?” என்றார். சற்றுப் பொறுத்து, இன்னொரு தடவை போடச் சொன்னார்.

ரயிலைப் பற்றி ஒன்று. சின்சினாட்டிக்குப் பயணிகள் ரயில் வாரத்தில் 3 நாள்தான், அதுவும் நள்ளிரவு தாண்டி. நான் தனியாக இங்கே வந்த முதல் குளிர்காலத்தில், இருப்புப் பாதைக்குப் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு அதன் ஊதலுக்காகக் காத்திருப்பேன். இதெல்லாம் ஆண்டறிக்கையில் வேண்டாம் என்றார் தலைவர். சேர்த்திருக்கிறேன்.

இந்தப் பாட்டை இசைத்தட்டின் பின்பக்கத்தில்தான் போட்டார்கள். முன்பக்கத்தில் ஓட்டை வாளியைப் பற்றிய ஓர் உற்சாகப் பாட்டு. பாடியவர் 1953 புத்தாண்டன்று, நம் ஒஹாயோவில் உள்ள கேண்டனில் கச்சேரி செய்ய வரும் வழியில், காரின் பின் இருக்கையிலேயே இறந்து கிடந்தார். வயது 29. 1966இல் பி. ஜே. தாமஸ் பாடியதும், 1973இல் ஹவாயில் எல்விஸ் பிரெஸ்லி தான் கேட்டதிலேயே சோகமான பாட்டு என்று சொல்லிப் பாடியதும் அந்தப் பின்பக்கத்தைத்தான். வராத 35 பேரின் கவனத்துக்கு இது. கூட்டம் முடிந்து ஐந்து பேர் ரேஸ் தெருவுக்கு நடந்துபோய் நினைவுப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தோம்.

சந்தா: குடும்பத்துக்கு ஆண்டுக்கு 40 டாலர். 38 குடும்பங்களில் செலுத்தியவை 21. மூன்று ஆண்டுகளாகச் செலுத்தாதவர்களும் உண்டு. பெயர் சொல்லப் போவதில்லை. பொங்கல் விருந்தில் முதல் பந்தியில் இருந்தார்கள் என்பதோடு விடுகிறேன். வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. திரும்பி வராத முன்பணமும் மிஞ்சிய புளியோதரையும் ‘இதர செலவு’ என்ற தலைப்பில் அடங்கும். விவரம் வேண்டுவோர் பொருளாளரை அணுகலாம்.

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், இடம் தந்த நூலகத்தார், சமைத்துக் கொடுத்தவர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்குச் செயலாளர் பொறுப்பு எனக்கு வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன். வேறு யாரும் முன்வராவிட்டால் பார்க்கலாம். புத்தாண்டை ஒட்டி கேண்டனுக்கு ஒரு வேனில் போய்வரலாம் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. 12 இடம், இதுவரை பெயர் கொடுத்திருப்பவர் அந்த அம்மா மட்டுமே, விசா நீட்டிப்புக் கிடைத்தால்.

ஆகஸ்ட் 31 அன்று பயன்படுத்திய எவர்சில்வர் அடுக்கு என் வீட்டில் இருக்கிறது. உரியவர்கள் எந்தச் சனிக்கிழமையும் வந்து வாங்கிக்கொள்ளலாம். வரும்போது சந்தாவையும் கொண்டுவந்தால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.