தம்பி சொன்னது படிவத்தில் இல்லை

விமான நிறுவனங்களின் பாதுகாப்புப் பிரிவில் பொறுப்பில் இருக்கும் ஐயா, அம்மா அனைவருக்கும்,

வணக்கம். தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். ஒன்பது வருடமாக ரேம்ப் வேலை. மீனம்பாக்கத்தில் விமானத்துக்குப் பெட்டி ஏற்றி இறக்கும் காண்ட்ராக்ட் ஆள். விடியற்காலை ஷிப்ட் என்றால் மெட்ரோ ஓடத் தொடங்கும் முன்பே பைக்கில் கிளம்பிவிடுவோம். கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கமிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

பாதுகாப்பு அறிக்கைகளுக்காக நீங்கள் கொண்டுவந்திருக்கும் மென்பொருளைப் பற்றித்தான் இந்த மடல்.

சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு. பெட்டிகளை விமானத்துக்குள் ஏற்றும் ஓடுபட்டை வண்டியான பெல்ட் லோடரின் முனை விமானத்தில் இடிக்காமலிருக்க ஒரு ரப்பர் தடுப்பு இருக்கும். அது ஒரு பக்கம் பிய்ந்து, இரண்டு விரல் அகலத்துக்கு இரும்பு வெளியே தெரிந்தது. கூட இருந்த தம்பி டார்ச் அடித்துக் காட்டினான். "அண்ணே, இத்த இப்டியே டோர் ஆண்ட கொண்டுபோனா கிழிச்சிரும்ணே" என்றான். எங்களுக்கு லாகின் கிடையாது. சூப்பர்வைசர்தான் டேப்லெட்டில் ஏற்றினார். முழுக்க ஆங்கிலப் படிவம். அதிலிருந்த வகைகளில் 'உபகரணக் கோளாறு' என்பதைத் தொட்டார், வேலை முடிந்தது. மூன்றாம் நாள் 'முடிக்கப்பட்டது' என்று வந்துவிட்டதாம். லோடர் அதே கிழிந்த ரப்பரோடு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வாரம் கழித்து வேறொரு ஷிப்ட்டில் அது சரக்குக் கதவின் விளிம்பை உரசியது. ஓட்டியவர் உடனே சொன்னார். இன்ஜினியர் வந்து பார்த்து, சரி என்ற பிறகே விமானம் கிளம்பியது.

அவர் சொல்லாமல் விட்டிருந்தால்? விமானத்தின் பதிவுக்கருவியிலிருந்து தரவை எடுத்து, எந்தத் தரையிறக்கம் முரட்டுத்தனமாக இருந்தது என்றெல்லாம் உங்கள் மென்பொருள் சொல்லிவிடும். அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் நின்றுகொண்டிருக்கும் விமானத்தை லோடர் உரசுவது அந்தத் தரவில் வராது. பார்த்தவன் வாய் திறந்தால்தான் உண்டு. உலோக உடம்பில் நசுங்கினால் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். கார்பன் இழையால் செய்த புது விமானங்களில் மேலே ஒன்றும் தெரியாமல் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம்.

தம்பி சொன்ன 'கிழிச்சிரும்' என்ற சொல்லில்தான் அபாயமே இருந்தது. நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு சேதம் என்று இரண்டையும் வைத்துத்தான் நீங்கள் அபாயத்தை மதிப்பிடுகிறீர்கள். லோடர் கெட்டுப்போயிருக்கிறது என்று படித்தால் சேதம் சின்னது. விமானத்தைக் கிழிக்கும் என்று படித்தால் கணக்கே வேறு. அந்தச் சொல் உங்கள் மேசைக்கு வந்து சேரவே இல்லை.

என் அண்ணன் காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறார். கடலடியில் எதிலாவது மாட்டி வலை கிழிந்தால் அந்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொள்வார். கரைக்கு வந்ததும் பக்கத்துப் படகுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் டீ குடிப்பார். விமானத் துறையில் அப்படிச் சொல்லாமல் போன கதையும் உண்டு. 1974 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில் வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த டிடபிள்யூஏ 514 என்ற பயணிகள் விமானம் மலையில் மோதி அதிலிருந்த 92 பேரும் இறந்தார்கள். அதற்கு ஆறு வாரம் முன்புதான் யுனைடெட் என்ற வேறொரு நிறுவனத்தின் விமானம் ஒன்று அதே இடத்தில், எப்போது கீழே இறங்கலாம் என்ற அதே குழப்பத்தில் சிக்கி மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. செய்தி மற்ற நிறுவனங்களுக்குப் போகவில்லை. பிறகுதான் 1976-ல், சொல்பவரின் பெயரைக் காக்கும் அறிக்கை முறையை நாசா நடத்தத் தொடங்கியது. 2013-ல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு பாதுகாப்பு மேலாண்மைக்கென்றே தன் விதித் தொகுப்பில் 19-வது இணைப்பைக் கொண்டுவந்தது. இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான். விமானம் நிறுத்தும் தளமான ஏப்ரனில் நிற்கும் எங்கள் வரைக்கும் அவை வந்து சேரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் நேரடியாக வழி திறந்துவிடுங்கள். தமிழில் பேசினால் பதிவாகட்டும், படம் எடுத்தால் ஏறட்டும். மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் நாங்கள் சொன்னதை அழிக்காமல் பக்கத்திலேயே வையுங்கள். சொன்னவர் யார் என்று எங்கள் சூப்பர்வைசருக்குத் தெரிய வேண்டாம். நாளை ஷிப்டே கிடைக்காமல் போகும் பயம் எங்களுக்கு இருக்கிறது. 'முடிக்கப்பட்டது' என்று போடும் முன், என்ன செய்தீர்கள் என்று சொன்னவனுக்கே ஒரு வரி அனுப்புங்கள். ரப்பர் மாற்றிய படம் ஒன்று வந்திருந்தால் தம்பி அடுத்த முறையும் டார்ச் அடித்துப் பார்ப்பான். இப்போது, "சொல்லி இன்னாண்ணே ஆவப்போவுது" என்கிறான். அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு ஏப்ரனுக்கு வாருங்கள். மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது. கையுறையைக் கழற்றாமல், இன்ஜின் இரைச்சலுக்கு நடுவே, உங்கள் படிவத்தை ஒரு முறை நீங்களே நிரப்பிப் பாருங்கள். நானும் தம்பியும் கூட நிற்கிறோம்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு ரேம்ப் தொழிலாளி