பாட்டு நோட்டிலிருந்து தொடங்குங்கள்

இஸ்ரேலில் யூத சமயப் பன்மைக்காகச் சமூகத் தலைவர்களை உருவாக்கும் பயிற்சி நிலையங்களுக்கும், அவற்றுக்கு நிதி தரும் அறக்கட்டளைகளுக்கும்,

வணக்கம், ஷாலோம்.

நான் யூதப் பெண் அல்ல. ஆராய்ச்சி வேலையாக நான்கு ஆண்டுகள் பீர்ஷேவாவில் இருந்தவள். எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்கள் விவிலியத்தில் பெயெர்செபா என்று வாசிக்கிற அதே ஊர். எங்கள் சமய விஷயத்தில் உனக்கென்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம், நியாயம்தான். ஆனால் அந்த நான்கு ஆண்டுகளும் என்னைத் தங்கள் வீட்டுப் பெண்ணைப் போல உட்காரவைத்துச் சோறு போட்ட குடும்பங்கள் பல. அந்த வீடுகளில் பார்த்த சில விஷயங்கள் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. தமிழில்தான் எனக்கு முழுதாகச் சொல்ல வரும். ஹீப்ருவில் ஆக்கித் தருவதாக ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார்.

பீர்ஷேவாவிலிருந்து கிழக்கே பஸ்ஸில் கொஞ்ச நேரம் போனால் நெவாத்தீம் வரும். 1950களில் கொச்சி யூதர்கள் வந்து குடியேறிய கிராமம். வயதானவர்கள் அங்கே இன்னும் மலையாளம் பேசுகிறார்கள். நான் தமிழில் பேச, அவர்கள் மலையாளத்தில் பேச, பாதிக்கு மேல் புரிந்துவிடும். ஒரு ஹனுக்கா மாலையில், விளக்கேற்றி முடித்த பிறகு, ஒரு பாட்டி அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்தார். அட்டை போய்விட்டது, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. உள்ளே நீல மையில் மலையாள எழுத்து, அவருடைய அம்மாவின் கையெழுத்து. கல்யாணப் பாட்டுகள், வேதக் கதைப் பாட்டுகள், ஒவ்வொரு ஜெபக்கூடத்தையும் வாழ்த்தும் பாட்டுகள். கொச்சியில் இவற்றைப் பாடியவர்கள் பெண்கள். ஆண்கள் கூட உட்கார்ந்து கேட்டார்கள். அங்கே அதை யாரும் குற்றமாக நினைத்ததில்லை.

பாட்டி இரண்டாவது பாட்டைத் தொடங்கியதும் பதினைந்து வயதுப் பேரன் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டான். பெண் பாடுவதை ஆண் கேட்கக் கூடாது என்று அவன் படிக்கும் சமயப் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவன் முரட்டுப் பையன் இல்லை. பாட்டு நின்றதும் திரும்பி வந்து பாட்டிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். தப்பு செய்துவிடக் கூடாதே என்ற கவலைதான் அந்த முகத்தில் இருந்தது. பாட்டி நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். “இவனுடைய தாத்தா முன்னாலும் இதைத்தான் பாடினேன்” என்று என்னிடம் மலையாளத்தில் சொன்னார். பேரனுக்கு மலையாளம் தெரியாது.

பன்மையை அந்த வீட்டுக்கு வெளியிலிருந்து யாரும் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. அது அலமாரியிலேயே இருந்தது. உன் பாட்டி பாடியதும் யூத மரபுதான், உன் பள்ளியில் சொல்வதும் யூத மரபுதான் என்று அந்தப் பையனிடம் சொல்ல, அவன் மதிக்கிற ஓர் ஆள் அந்த ஊரில் இல்லை. நீங்கள் வளர்த்தெடுக்க வேண்டிய தலைவர் அப்படிப்பட்ட ஆள் என்று நான் நம்புகிறேன். இந்த மடல் முழுக்க அதைத்தான் கேட்கப்போகிறேன்.

இதைப் படிக்கும் தமிழ் நண்பர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. இஸ்ரேல் பிறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1947 ஜூனில், பின்னால் முதல் பிரதமரான பென்-குரியன் தரப்பிலிருந்து அகுதத் இஸ்ரேல் என்ற தீவிர ஆர்த்தடாக்ஸ், அதாவது பழைய சமய விதிகளை அப்படியே கடைப்பிடிக்கிற, அமைப்புக்கு ஒரு கடிதம் போனது. சனிக்கிழமை ஓய்வுநாள், அரசுச் சமையலறைகளில் யூத உணவு விதிப்படியான கோஷர் உணவு, கல்வியில் அவரவர் சுதந்திரம், மண விஷயத்தில் சமூகம் பிளவுபடாதபடி பார்த்துக்கொள்வது என்று அதில் வாக்குறுதி இருந்தது. 1953இல் வந்த சட்டம் யூதர்களின் திருமணத்தையும் மணமுறிவையும் ரபிகள் என்னும் சமய குருமார்களின் நீதிமன்றத்தின் கையில் முழுதாகக் கொடுத்தது. அந்த நீதிமன்றங்கள் ஆர்த்தடாக்ஸ் நெறியில் நடப்பவை. மரபைக் காலத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும் பிரிவுகளைச் சேர்ந்த ரிஃபார்ம் ரபியோ, இஸ்ரேலில் மசோர்தி என்று அழைக்கப்படும் கன்சர்வேடிவ் ரபியோ நடத்திவைக்கும் கல்யாணம் அங்கே செல்லாது. யூதர்களுக்கு உள்நாட்டில் பதிவுத் திருமணமும் கிடையாது. வெளிநாட்டில் முடித்துவிட்டு வந்தால் அரசு பதிவுசெய்தாக வேண்டும் என்று 1963இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்றிலிருந்து சைப்ரஸுக்குக் கல்யாண விமானம் பறந்துகொண்டிருக்கிறது.

என்னோடு ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒருவர் அந்த விமானத்தில் போனார். குழந்தையாக இருக்கும்போது உக்ரைனிலிருந்து வந்தவர். ராணுவத்தில் மூன்று ஆண்டு இருந்தவர். கல்யாணத்துக்கு விண்ணப்பித்தபோது தாய்வழியில் யூதர் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். அம்மாவின் அம்மாவுடைய பிறப்புச் சான்று கேட்டார்கள். அந்தச் சான்று இருந்த ஊரே போரில் எரிந்துபோயிருந்தது. இரண்டு பேரும் சைப்ரஸின் லார்னகாவுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். மணப்பெண்ணின் பாட்டி மொரோக்கோவில் பிறந்தவர், விமானம் ஏறும் உடம்பு இல்லை. அவருக்காகக் கொல்லைப்புறத்தில் நான்கு கழி வைத்து ஹுப்பா என்னும் மணப்பந்தல் கட்டினோம். ஒரு கழியை நானும் பிடித்திருந்தேன். வடக்கிலிருந்து ஒரு ரிஃபார்ம் ரபி காரில் வந்தார், அமெரிக்காவில் பிறந்த பெண்மணி. ஏழு ஆசிகளையும் அவர் சொன்ன விதத்தில் எல்லார் கண்ணும் நிறைந்தது. பாட்டி என் காதில் கேட்டது ஒன்றே ஒன்று: “இந்தப் பொண்ணு யார் வீட்டுப் பொண்ணு?”

இரண்டு ஆண்டுக்குப் பிறகு அந்தப் பாட்டி இறந்தார். ஷிவா என்னும் ஏழு நாள் துக்கத்தில் தினமும் பத்து ஆண்களைச் சேர்த்துத் தொழுகை நடத்தியவர்கள் தெருமுனையில் இருந்த ஆர்த்தடாக்ஸ் இளைஞர்கள். முட்டையும் பருப்பும் சமைத்து வந்ததும் அவர்கள் வீட்டுப் பெண்கள்தான். எந்தச் சான்றிதழையும் அவர்கள் கேட்கவில்லை. ரிஃபார்ம் ரபி தொலைபேசியில் அழுதார். வர முடியவில்லை, அவர் தலையில் எத்தனை ஊர்! அவர்மேல் எனக்குக் குறை ஏதும் இல்லை. ஆனால் இப்போது அந்தத் தெருவில் போய்ச் சமயம் பற்றிக் கேட்டால் யாரைக் கைகாட்டுவார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நீதிமன்றங்களில் நீங்கள் பெற்றவை சாதாரணமானவை அல்ல. கெசர் கிப்புட்ஸ் என்ற கூட்டுப்பண்ணைக் கிராமத்தின் ரபி மிரி கோல்ட் 2005இல் தொடங்கிய வழக்கால், பிராந்திய மன்றங்களில் பணிபுரியும் ஆர்த்தடாக்ஸ் அல்லாத ரபிகளுக்கும் ஊதியம் தர 2012இல் அரசு ஒப்புக்கொண்டது. அதையும் சமய சேவை அமைச்சகம் தராமல், பண்பாடு, விளையாட்டு அமைச்சகம் வழியாகத்தான் கொடுத்தார்கள். ரிஃபார்ம், கன்சர்வேடிவ் முறையில் இஸ்ரேலிலேயே மதம் மாறியவர்களும் குடியுரிமை பெறலாம் என்ற தீர்ப்பு 2021 மார்ச்சில் வந்தது. அதற்கும் பதினைந்து ஆண்டுக்கு மேல் காத்திருந்தீர்கள். எருசலேமில் யூதர்கள் தொழும் மேற்குச் சுவரில் எல்லாருக்குமான தொழுகையிடம் அமைக்க 2016 ஜனவரியில் அமைச்சரவை ஒப்புதல் தந்தது, 2017 ஜூனில் அதே அமைச்சரவை அதைக் கிடப்பில் போட்டது. ஓர் அரசு தருவதை அடுத்த கூட்டணிப் பேரம் பறித்துக்கொள்கிறது. டிமோனா, ஓஃபாக்கிம் போன்ற தெற்கு ஊர்களில் ஒரு தெருவுக்கு இரண்டு பேர், நீங்கள் வளர்த்த தலைவரைக் காட்டி, எங்கள் வீட்டுக் கல்யாணத்தை அவர்தான் நடத்தினார், அவர் மேல் கை வைக்காதே என்று எழுந்து நின்றால் அந்தப் பேரம் அத்தனை சுலபமாக இருக்காது.

அப்படிப்பட்டவர்களை எங்கே தேடுவது? எத்தியோப்பிய யூதர்களின் சிக்த் பண்டிகைக்கு ஒரு முறை எருசலேம் போயிருந்தேன். பாவமன்னிப்பு நோன்பு நாளான யோம் கிப்பூர் முடிந்து ஐம்பதாம் நாள். பழைய நகரத்தைப் பார்த்தபடி இருக்கும் அர்மோன் ஹநத்சீவ் மேட்டில் கூட்டம். கெஸ் என்று அழைக்கப்படும் அவர்களுடைய குருமார்கள் வெள்ளைத் தலைப்பாகையோடு, ஜரிகை வைத்த வண்ணக் குடைகளின் கீழ் நின்று கீஸ் என்னும் பழைய எத்தியோப்பிய மொழியில் வேதம் வாசித்தார்கள். பிற்பகல் வரை பட்டினி, பிறகு ரொட்டி. என் பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண்ணுக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை. ஆனாலும் கெஸ் கையைத் தூக்கியபோதெல்லாம் அவளும் தூக்கினாள்.

சிக்த் பண்டிகையை 2008இல் தேசிய விழாவாகச் சட்டமாக்கினார்கள். ஆனால் ஒரு கெஸ் நடத்திவைக்கும் திருமணத்தைத் தலைமை ரபி மன்றம் ஏற்பதில்லை. இவர்கள் 1980களில் வந்து இறங்கியபோது, யூதர்கள்தான் என்று சொல்லிக்கொண்டே, மறுபடி மதம் மாறும் சடங்காக நீரில் மூழ்கி எழச் சொன்னார்கள். 1985இல் எருசலேமில் நாள்கணக்கில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. சமயப் பன்மை எதற்கு என்று இவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். அந்தக் கெஸ்களின் பேரன் பேத்திகளுக்கு உங்கள் வகுப்பில் இடம் கொடுங்கள். கீஸ் மொழியையும் தாத்தாவின் வேத விளக்கத்தையும் தால்முத் என்னும் பழைய சமயச் சட்ட விவாதத் தொகுப்போடு சேர்த்துப் படிக்க வழிசெய்யுங்கள். மேற்கத்தியப் பாடத்திட்டத்தில் அவர்களைத் திணித்தால் திரும்பி வரும்போது சொந்த ஊரில் அந்நியராகிவிடுவார்கள்.

எங்கள் நாட்டிலிருந்து போனவர்களுக்கும் இந்த வலி தெரியும். மகாராஷ்டிரக் கடற்கரையைச் சேர்ந்த பெனே இஸ்ரேல் மக்கள் கல்யாணத்துக்குப் போனால் முன்னோர் வரலாற்றைத் துருவித் துருவி விசாரிக்க வேண்டும் என்று 1960களின் தொடக்கத்தில் உத்தரவு போட்டார்கள். அவர்கள் தெருவில் இறங்கினார்கள். 1964இல் நாடாளுமன்றம் தலையிட்ட பிறகுதான் அந்த உத்தரவிலிருந்து அவர்கள் பெயர் போனது.

அதற்கும் முன்னால், கொச்சியில் ஏ.பி. சேலம் இருந்தார். எங்கள் சென்னைக்கு வந்து சட்டம் படித்த வழக்கறிஞர். அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் என்று சொல்லி, அவருடைய சமூகத்தாரைப் பரதேசி ஜெபக்கூடத்தில் மற்றவர்களோடு சமமாக உட்கார விடவில்லை, தோரா என்னும் வேதச் சுருளை வாசிக்க விடவில்லை. சேலம் காந்தியின் வழியை எடுத்துக்கொண்டு அந்த ஜெபக்கூடத்திலேயே சத்தியாகிரகம் செய்தார். கோபித்துக்கொண்டு விலகிப்போய் வேறு ஜெபக்கூடம் கட்டவில்லை. இது என் வீடும்தான் என்று அங்கேயே இருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கதவு திறந்தது. யூத காந்தி என்று ஊரே அவரை அழைத்தது. உங்கள் பயிற்சியில் சேலத்தின் வாழ்க்கை பாடமாக இருக்கிறதா? இல்லையென்றால் தயவுசெய்து சேருங்கள். நெவாத்தீமில் அவருடைய பெயரைச் சொன்னால் தலையாட்டும் முதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், நூல். பன்மை பேசுகிறவர் வேதம் தெரியாதவர் என்ற எண்ணம் நான் பார்த்த ஊர்களில் ஆழமாக இருக்கிறது. 2013 பிப்ரவரியில் புதிய உறுப்பினரான ரூத் கால்தெரோன் நாடாளுமன்றத்தில் தன் முதல் உரையாகத் தால்முத்தை விரித்து வைத்து ஒரு கதை சொன்னார். ஆண்டுக்கொரு முறை, யோம் கிப்பூருக்கு முந்தைய நாள் மட்டும் வீட்டுக்கு வரும் ஓர் அறிஞர். ஓராண்டு படிப்பில் மூழ்கி வர மறந்துவிட்டார். ‘இதோ வருகிறார், இதோ வருகிறார்’ என்று காத்திருந்த மனைவியின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அந்த நேரம் அந்த அறிஞர் உட்கார்ந்திருந்த கூரை இடிந்து விழுந்து அவர் இறந்தார். ஆர்த்தடாக்ஸ் ரபி அல்லாத ஒரு பெண் அதே நூலைத் தன் பாட்டன் சொத்தாகக் கையில் எடுத்தபோது அவையே நிமிர்ந்து உட்கார்ந்தது. உங்கள் ஆட்களுக்கும் அந்தப் பழக்கம் வரும்வரை படிக்க விடுங்கள். ஆறு மாதப் பட்டறையில் அது வராது.

அதே தால்முத்தில், பழைய ஆசான்களான ஹில்லேல் வழியினரும் ஷம்மாய் வழியினரும் யார் யாரை மணக்கலாம் என்பதிலேயே வேறுபடுகிறார்கள். ஒருவர் தடுத்ததை மற்றவர் அனுமதித்தார். இருந்தும் ஒருவர் வீட்டில் இன்னொருவர் பெண் எடுப்பதை அவர்கள் நிறுத்தவில்லை என்று அங்கே எழுதியிருக்கிறது. கொல்லைப்புறத்தில் கழியைப் பிடித்து நின்றபோது இது எனக்குத் தெரியாது. தெரிந்த ஒருவர் அன்று அந்தப் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, மொரோக்கோ அரபியில் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஆர்த்தடாக்ஸ் பெண்களையும் விட்டுவிடாதீர்கள். மாதவிலக்கு, தாம்பத்தியம் தொடர்பான சமயச் சட்டக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல எருசலேமின் நிஷ்மத் கல்விக்கூடம் பயிற்றுவித்த பெண்களின் முதல் அணி 1999இல் வெளிவந்தது. ஆணிடம் கேட்கக் கூசியவர்கள் அவர்களைத் தேடிப் போனார்கள். ரபி என்ற பட்டத்துக்குச் சண்டை போடாமலேயே எத்தனை வீடுகளுக்குள் அவர்கள் போயிருக்கிறார்கள்! அவர்கள் உங்கள் சொல்லைப் பயன்படுத்த மாட்டார்கள். பரவாயில்லை, செய்வது உங்கள் வேலைதான்.

நிதி தருகிறவர்களுக்கு ஒன்று. ஊர் ரபிக்கு அரசு மாதச் சம்பளம் கொடுக்கிறது. உங்கள் ஆளோ இரண்டாண்டுத் திட்டம் முடிந்ததும் வேறு வேலை தேடுகிறார். பிறந்த குழந்தைக்குப் பெயர் வைத்தவர் அதன் பதின்மூன்றாம் வயதுச் சடங்குக்கும் அங்கே இருக்க வேண்டும். பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டு ஒருவரை ஓர் ஊரில் தாங்கிப் பிடிக்க முடியாதென்றால் பத்து ஊரை நான்காக்குங்கள். ரஷ்யனோ அம்ஹாரிக்கோ மலையாளமோ, அந்த ஊர்ப் பாட்டிகளின் மொழி தெரிந்தவரைத் தேர்ந்தெடுங்கள்.

நெவாத்தீம் பாட்டி இப்போது இருக்கிறாரா என்று எனக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன். நோட்டு மகளிடம் பத்திரமாக இருப்பதாகப் போன ஆண்டு சொன்னார்கள். அந்தப் பேரனுக்கு இருபது வயது தாண்டியிருக்கும். சமயப் பள்ளியில் நன்றாகப் படித்தவன், பொறுமைசாலி, ஊரில் எல்லாருக்கும் பிடித்தவன். உங்கள் அடுத்த வகுப்புக்கு ஆள் தேடும்போது அவன் வீட்டுக்கும் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

அன்புடன்,
பீர்ஷேவாவில் வாழ்ந்து திரும்பிய ஒரு தமிழ்ப் பெண்